சத்தம் வராத இடது செருப்பு

செருப்புக் கடைக்காரரோடு என் கணவர் சண்டை போட்டுவிட்டு வந்த நாளிலிருந்துதான் இதைச் சொல்ல வேண்டும். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. மற்ற பிள்ளைகளைவிடத் தாமதமாகத்தான் நடக்க ஆரம்பித்தாள். ஒருவழியாக நடந்துவிட்டாளே என்ற சந்தோஷத்தில் கடைத்தெருவுக்குப் போய், நடந்தால் கீச் கீச்சென்று கத்துமே, அந்தச் செருப்பை வாங்கி வந்திருந்தார். குதிகால் பக்கம் ஒரு சின்ன ஊதலை உள்ளே வைத்திருப்பார்கள். குதிகால் தரையில் அழுந்தும்போதெல்லாம் அது கத்தும். பிள்ளை எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. காது போனால் போகட்டும் என்று இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் மகள் நடந்தால் வலது செருப்பு மட்டும் கத்தியது. இடது ஊமையாக இருந்தது. ஒரு கீச், பிறகு ஒன்றுமில்லை. மறுபடி ஒரு கீச், பிறகு ஒன்றுமில்லை. "ஒத்தைச் செருப்பை டூப்ளிகேட்டாப் போட்டுக் குடுத்துட்டான்" என்று கையில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கடைக்காரர் கட்டை விரலால் அழுத்திக் காட்டினாராம். அது ஊரே கேட்கக் கத்தியதாம். "கையில அமுத்துனாக் கத்தும், கால்ல போட்டாக் கத்தாதா?" என்று இவர் குரலை உயர்த்த, அந்த மனிதர் தலைவிதியே என்று வேறு ஜோடி கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதைப் போட்டு நடந்தபோதும் இடது கத்தவில்லை.

என் கணவருக்கு டீசல் பம்பு வேலை. நாமக்கல்லில் லாரியின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் ஆள் உண்டு. இன்ஜினுக்கு ஒருவர், கியர் பாக்ஸுக்கு ஒருவர், ஸ்பிரிங் பட்டறை தனி, டிங்கர் தனி, டிரைவர் ஸீட் தைக்கிறவர் தனி. இன்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்புகிற பம்பும், அதை உள்ளே பீய்ச்சுகிற நாசலும் இவர் பங்கு. வீட்டின் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் நாங்கள். புது வண்டிகளில் எல்லாம் கம்ப்யூட்டர் வந்துவிட்டாலும், பழைய லாரிகளும் போர்வெல் வண்டிகளின் கம்ப்ரசர்களும் இன்னும் இவரைத் தேடித்தான் வருகின்றன. பம்பைப் பிரித்து, சரிசெய்து, டெஸ்ட் பெஞ்சில் ஓடவிட்டு அளவு பார்த்து, கடைசியில் அந்த அளவை யாரும் மாற்றாதபடி ஒரு கம்பியைக் கோத்து ஈயச் சீல் வைப்பார். அந்தச் சீலை வேறு எவராவது உடைத்துவிட்டால் மனிதருக்கு வருகிற கோபம் இருக்கிறதே, எங்கள் கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோனபோதுகூட அவ்வளவு வரவில்லை.

அன்றைக்கு அவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பிள்ளையை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று நடக்கவிட்டார். பிறகு குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் எழுந்தபோது முகம் மாறியிருந்தது.

"செருப்புல ஒண்ணுமில்ல புள்ள. இந்தக் கால்ல குதிங்காலு கீழயே வரமாட்டேங்குது. நுனியிலயே நடக்குது" என்றார்.

அவர்மேல் நான் ஆயிரம் குறை சொல்வேன். ஆனால் கண்டுபிடித்தவர் அவர்தான். நாள் முழுக்கப் பிள்ளையோடு கிடந்த எனக்கு அது தெரியவில்லை.

மறுநாளே எலும்பு டாக்டரிடம் போனோம். எங்கள் பகுதியில் எலும்பு டாக்டர் என்றால் அவர் ஒருவர்தான் நினைவுக்கு வருவார். லாரியும் போர்வெல்லும் ஓடுகிற ஊரில் கை கால் முறிவுக்குப் பஞ்சமில்லை. என் கொழுந்தனார் வடக்கே போர்வெல் போடப் போன இடத்தில் குழாய் சரிந்து தொடை முறிந்து வந்தபோது, உள்ளே கம்பி வைத்து மறுபடியும் வண்டி ஏற வைத்தவர் அவர். எங்கள் தெருவில் அவர் கை பட்ட எலும்பு ஒன்றாவது இல்லாத குடும்பம் குறைவு. அதனால் அவரிடம் போனதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். தொடை எலும்பின் தலை பந்து போலிருக்கும், இடுப்பில் அது உட்கார ஒரு கிண்ணம் இருக்கும் என்றார். வலது பக்கம் பந்து கிண்ணத்துக்குள் இருந்தது. இடது பக்கம் கிண்ணத்துக்கு வெளியே, கொஞ்சம் மேலே ஏறி நின்றது. படிக்காதவருக்கும் தெரிகிற வித்தியாசம்.

"பொறந்ததுல இருந்தே இப்படி இருந்திருக்குமுங்க. ஆபரேசன் பண்ணி உள்ள உக்கார வெக்கோணும். உட்டுட்டா ஆயுசுக்கும் காலைச் சாச்சுத்தான் நடக்கும், வயசாகறதுக்குள்ளயே இடுப்பும் தேஞ்சு போயிரும்" என்றார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா நான் பண்ண மாட்டனுங்க" என்றும் சொன்னார்.

"ஏனுங்க டாக்டர்? நம்ம தம்பிக்கு நீங்கதானுங்களே..." என்று இழுத்தார் என் கணவர்.

"உங்க தம்பிக்கு ஒடஞ்ச எலும்புங்க. அது நான் தெனமும் பண்ற வேலை. இது வளர்ற எலும்பு. குழந்தை இடுப்பு நான் எப்பவோ ஒண்ணு ரெண்டு பண்ணியிருப்பேன், அவ்வளவுதான். சேலத்துல ஒரு டாக்டரம்மா இருக்காங்க. குழந்தைங்க எலும்பு மட்டுந்தான் பாக்கறாங்க. இந்த ஆபரேசன் அவங்களுக்குப் பழக்கம். அங்க கூட்டிட்டுப் போங்க."

எனக்கு அப்படியே சேலம் பஸ் ஏறிவிட வேண்டும் போலிருந்தது. என் கணவருக்கோ முகம் சுண்டிப் போயிற்று. வண்டியில் திரும்பி வரும்போது, "நம்மளை ஒதுக்கிட்டாரு புள்ள. யாரோ எவரோன்னு நெனச்சுட்டாரு" என்றார்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எங்களில் ஒருவர் முதல் தடவை முடியாது என்று சொன்னால் அது முடியாது என்று அர்த்தமாகாது. கேட்கிற முறையில் நீ இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம். பெண் கேட்பதானாலும் சரி, தெரு வழியாகத் தண்ணீர்க் குழாய் கொண்டுபோவதானாலும் சரி, தக்க ஆளைக் கூட்டிக்கொண்டு, தட்டில் பழம் வைத்து, உட்கார்ந்து இன்னொரு முறை கேட்க வேண்டும். அப்போது அவர் ஒத்துக்கொள்வார். டாக்டரின் முடியாது என்பதையும் என் கணவர் இந்தக் கணக்கில்தான் சேர்த்தார்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வீட்டுக்குத் தட்டு கிளம்பியது. என் கணவர், கம்பி வைத்த தொடையோடு கொழுந்தனார், அந்த டாக்டருக்கும் வேண்டியவரான ஒரு லாரி முதலாளி. தட்டில் சாத்துக்குடி, ஆப்பிள், வெற்றிலை பாக்கு, நடுவில் கொண்டையோடு ஓர் அன்னாசிப் பழம். "பொண்ணுக்கு நிச்சயம் பண்ணவா போறீங்க?" என்று கேட்டேன். தட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். நீயும் வா என்று யாரும் கூப்பிடவில்லை.

திரும்பி வந்தபோது மூவர் முகத்திலும் ஒரே வெளிச்சம். "ஒத்துக்கிட்டாரு அண்ணி" என்றார் கொழுந்தனார்.

"என்னன்னு சொன்னாரு?"

"இத்தனை பேரு இவ்வளவு தூரம் வந்து கேக்கறீங்க, சரி, வியாழக்கிழமை அட்மிட் பண்ணுங்க, பாப்போம்னாரு."

"பாப்போமா?" என்றேன். "நம்ம புள்ளையோட இடுப்பைத் தொறந்து வெச்சுட்டு யாரு எதைப் பாக்கறது?"

அன்று வீட்டில் நடந்த சண்டையை விவரமாக எழுதினால் என் பிறந்த வீட்டு மானம் போகும். ராசியான கை என்றார் அவர். அந்தக் கைக்கே இது வேண்டாம் என்று தோன்றியிருக்கிறதே, ராசியை நீங்கள் எப்படிக் கண்டீர்கள் என்றேன் நான். சேலத்தில் யாரைத் தெரியும், தெரியாத இடத்தில் பிள்ளையை எப்படிக் கொடுப்பது என்றார். அவர் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை. ஊரில் எல்லாம் முகம் பார்த்துத்தான் நடக்கிறது. தெரிந்த முகம்தான் கை கொடுக்கும் என்று அவர் நினைத்தார். ஆனால் பயந்த மனிதரோடு நியாயம் பேச எனக்குப் பொறுமை போதவில்லை. வியாழக்கிழமை நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தொட்டிலில் தூங்குகிற பிள்ளையின் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் பார்ப்பேன். இடது கொஞ்சம் குட்டையாக இருக்கும். துணியை இழுத்து மூடிவிடுவேன்.

இது போதாதென்று பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்றது ஒரு வாய். எந்நேரமும் இடுப்பில் தூக்கி வைத்து நான்தான் பிள்ளையின் இடுப்பைக் கெடுத்தேன் என்றது இன்னொரு வாய். பெண் பிள்ளை ஆயிற்றே, நாளைக்கு ஒருத்தன் கேட்டு வர வேண்டாமா என்றவருக்கு நான் காப்பி கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பட்டறைக்கு ஒரு லாரி வந்து நின்றது. ஆத்தூரிலிருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றி வந்த வண்டி. புகையாகக் கக்கிக்கொண்டு, மேட்டில் இழுக்க முடியாமல் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பட்டறை வாசலில் காப்பி டம்ளரோடு நின்றிருந்தேன். என் கணவர் பானெட்டுக்குள் தலையை விட்டவர், விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார்.

"சீலு எங்க? நான் வெச்ச சீலை எவன் ஒடச்சான்?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "வழியில வண்டி நின்னுடுச்சு அண்ணா. பக்கத்துல ஒரு மெக்கானிக் இருந்தாரு. நல்ல மனுஷன். இன்ஜின் வேலையில அவரை அடிச்சுக்க ஆள் இல்ல."

"இன்ஜின் பாக்கறவன் இன்ஜினைப் பாக்கோணும். பம்பை எதுக்குத் தொடறான்? நல்லவனா இருந்தா எனக்கென்ன, கெட்டவனா இருந்தா எனக்கென்ன? தெனமும் பம்பு பிரிக்கறவனுக்குத்தான் எங்க தப்பு வரும்னு தெரியும். எப்பவோ ஒண்ணு பிரிச்சவன் கையில குடுத்தா இப்படித்தான் ஆகும். இப்ப இதை மறுபடி சரிபண்றது எனக்கே பாடு!"

"அவரும் வேணாம்னுதான் சொன்னாரு அண்ணா. எனக்கு இது பழக்கமில்ல, நாமக்கல்லுக்கே கொண்டு போங்கன்னாரு. நாங்கதான் விடல. முதலாளியும் போன் போட்டுப் பேசினாரு. மறுக்க முடியாம, சரி பாப்போம்னு பிரிச்சாரு."

என் வாய் சும்மா இருக்குமா? "ஏனுங்க டிரைவரே, அந்த மெக்கானிக்குக்குத் தட்டுல அன்னாசிப் பழம் வெச்சுக் குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

டிரைவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. திட்டுவதற்காகத் தூக்கிய ஸ்பேனர் அப்படியே கையில் நின்றது. பிள்ளை அப்பாவைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளாமல் உள்ளே போனார். குழாயடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவியிருக்கிறார். வெளியே வந்து, "சேலை மாத்திட்டு வா. டாக்டரைப் பாத்துட்டு வந்தரலாம்" என்றார்.

போகிற வழியெல்லாம் அவருக்கு ஒரே கவலை. தட்டோடு போய்க் கேட்டு வாங்கிய சம்மதத்தை எந்த முகத்தோடு வேண்டாம் என்று சொல்வது? அதைவிடப் பெரிய அவமதிப்பு எங்கள் பக்கம் கிடையாது. டாக்டரின் எதிரே உட்கார்ந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். நான்தான் சொன்னேன்.

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க. பாப்பாவை நீங்க மொதல்ல சொன்ன மாதிரியே சேலத்துக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறமுங்க."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா!" என்றார். வெளியே நின்ற நர்ஸுக்கே கேட்டிருக்கும்.

"அன்னையிலிருந்து எனக்குத் தூக்கமில்லீங்க. கூட்டமா வந்து உக்காந்துட்டா நான் என்ன பண்றது? வேணாம்னு சொன்னா மனசு சங்கடப்படுவீங்க. பண்ணி, நாளைக்குப் புள்ளை கால் சரியாகலீன்னா நான் எந்த மூஞ்சியோட உங்க தெருவுல வாரது? ஊட்டுல சம்சாரம் வேற அந்த அன்னாசிப் பழத்தைப் பாத்து, என்ன காரியத்துக்குத் தலையாட்டுனீங்கன்னு ஒரே திட்டு."

என் கணவர் சிரிக்கத் தொடங்கினார். அந்த டாக்டரும் சிரித்தார். பயம் விட்டுப்போன மனிதர்கள் சிரிக்கிற சிரிப்பு அது, நிற்கவே இல்லை. எங்கள் எதிரிலேயே சேலத்துக்குப் போன் போட்டு, "நமக்கு வேண்டியவங்கம்மா, நல்லாப் பாருங்க" என்று சொல்லி நேரம் வாங்கிக் கொடுத்தார். வாசல் வரை வந்து, "பழத்தை மட்டும் திருப்பிக் கேக்காதீங்க, தின்னுட்டோம்" என்றார்.

சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் அக்கா வீடு. அங்கே தங்கிக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். காத்திருக்கிற இடத்தில் கால் வைத்ததும் எனக்கு ஒரு பாரம் இறங்கியது. எங்கள் மகளைப் போலவே எத்தனை பிள்ளைகள்! இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டோடு ஒன்று, காலில் வார்ப்பட்டை மாட்டிய ஒன்று, கட்டுப் பிரித்துத் தள்ளாடி நடக்கிற ஒன்று. உலகத்தில் இப்படி ஒரு பிள்ளை எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் புர்கா அணிந்த ஒரு பெண். சேலம் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம். அவர் மடியில் என் மகளைவிடக் கொஞ்சம் பெரிய பெண் குழந்தை மாவுக்கட்டோடு சாய்ந்திருந்தது. "எங்களுக்கு இது ரெண்டாவது ஆபரேஷன்" என்றார். "மொதல்ல தெரிஞ்ச எடம்னு வேற ஒருத்தர்கிட்ட பண்ணினோம். நல்ல டாக்டருதான், குறை சொல்லக் கூடாது. ஆனா கட்டுப் பிரிச்சப்புறம் மறுபடியும் வெளிய வந்துடுச்சு. நீங்க மொதல்லயே இங்க வந்துட்டீங்க, அல்லாஹ் காப்பாத்திட்டான்." என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்தான் மாவுக்கட்டுக்குள் ஈரம் போகாமல் எப்படித் துணி வைப்பது, எப்படிப் பிள்ளையைத் திருப்பிப் போடுவது என்றெல்லாம் எனக்குச் செய்து காட்டினார். அந்தப் பாடம்தான் பின்னால் எனக்குக் கை கொடுத்தது.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை உடனே வாங்கிப் பார்க்கவில்லை. பிள்ளையின் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டு, அவள் அறை முழுக்க நடப்பதைப் பார்த்துக்கொண்டே எங்களிடம் பேசினார். சிரிப்பு அதிகம் இல்லாத பெண். தயங்கித் தயங்கி நான் கேட்டேன். "நான் இடுப்புல தூக்கித் தூக்கித்தான் இப்படி ஆயிருச்சுன்னு சொல்றாங்க. அது நெசமுங்களா?"

"யாரு சொன்னது? காலை அகட்டி இடுப்புல வெச்சுக்கறது இதுக்கு நல்லதும்மா. காலை ரெண்டையும் நீட்டிச் சேர்த்து இறுக்கிக் கட்டறதுதான் ஆகாது. நீங்க ஒரு தப்பும் பண்ணல."

அந்த அறையிலேயே அழுதேன். எனக்குக் கர்ச்சீப் எடுத்துக் கொடுக்கத் தெரியாமல் என் கணவர் பட்டறைத் துணியை எடுத்து நீட்டினார். அதில் டீசல் நாற்றம்.

ஆபரேஷனைப் பற்றிக் கேட்டபோது டாக்டரம்மா வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. "நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன். எங்கிட்டயும் சில சமயம் திரும்பப் பண்ண வேண்டி வந்திருக்கு. ஆனா இதே வேலையாச் செய்யறதால எங்க தப்பு வரும்னு எனக்குத் தெரியும். அந்தப் பந்துக்குப் போற ரத்த ஓட்டம் கெடக் கூடாது, அதுதான் முக்கியம். மொதல் தடவையே சரியா உக்கார வெக்கணும். ரெண்டாவது தடவை திறக்கறது யாருக்குமே கஷ்டம்." என் கணவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். இதே வார்த்தைகளைத் தன் வாயாலேயே டிரைவரிடம் சொன்னவர் அல்லவா?

ஆபரேஷன் அன்று பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். என் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணவர் உட்காரவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காது கொடுத்துக் கேட்டு, "ஒரு நாசல் ஒழுகுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்து, "ரெண்டு நாசலுமே சரியில்ல" என்றார். வேறு நாளாயிருந்தால் வாயை மூடுங்கள் என்றிருப்பேன். அன்றைக்கு அவர் ஏதாவது பேசிக்கொண்டிருப்பது நல்லதாக இருந்தது.

டாக்டரம்மா தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். "உக்காந்துடுச்சு" என்றார் முதலில். பிறகுதான் மற்றதைச் சொன்னார். கிண்ணத்துக்குள் சதை மடிந்து அடைத்துக்கொண்டிருந்ததாம். அதை முழுதாக எடுக்காமல் பந்தை உள்ளே தள்ளியிருந்தால் கொஞ்ச நாளில் வெளியே வந்திருக்குமாம். அவர் போன பிறகு என் கணவர் சுவரோரமாகப் போய் நின்று, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

மாவுக்கட்டு மார்புக்குக் கீழே தொடங்கிப் பாதம் வரை போயிற்று. இரண்டு கால்களையும் அகட்டி வைத்து நடுவில் ஒரு குச்சி. வெயில் காலம் வேறு. எந்த நாற்காலியிலும் உட்கார வைக்க முடியவில்லை, எந்தத் தொட்டிலிலும் கொள்ளவில்லை. கணவரின் சிநேகிதர், லாரி ஸீட் தைக்கிறவர், டேப்போடு வந்து டிரைவருக்கு அளவெடுப்பதைப் போலப் பிள்ளைக்கு அளவெடுத்துக்கொண்டு போனார். சிவப்பு ரெக்சினில், ஓரத்துக்கு மஞ்சள் பைப்பிங் வைத்து, நடுவில் குழி விட்டு ஓர் ஆசனம் வந்து சேர்ந்தது. அதில் சாய்ந்துகொண்டு எங்கள் மகள் பட்டறைக்கு வருகிறவர்களையெல்லாம் அதிகாரம் செய்தாள். கட்டுக்குள் அரிப்பெடுத்தால் மட்டும் ஊரைக் கூட்டுவாள். விசிறியை வைத்து விசிறி விசிறி என் தோள் இறங்கிப்போனது.

கட்டுப் பிரித்த அன்று எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்த என் அறிவை என்ன சொல்ல! உள்ளிருந்து வந்த கால் வெளுத்து, மெலிந்து, முருங்கைக்காய் போலிருந்தது. தரையில் நிறுத்தினால் கத்தினாள். பிறகு நின்றாள். பிறகு நடந்தாள், முன்பைவிட மோசமாகச் சாய்ந்து சாய்ந்து. "சில மாசம் இப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க" என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். நான் பயப்படத்தான் செய்தேன். ஒவ்வொரு முறை செக்கப்புக்குப் போகும்போதும் எக்ஸ்ரேயை அவர் பார்க்கும் முன்பே அவர் முகத்தைப் பார்ப்பேன். ஒரு தடவை அவர் சிரித்தார். பந்து நன்றாக உட்கார்ந்திருக்கிறது, ரத்த ஓட்டமும் நன்றாயிருக்கிறது, இனி வருஷத்துக்கொரு முறை வந்தால் போதும் என்றார். டாக்டரம்மாவின் பல்வரிசையை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். அடுத்த முறை அவருக்குத் தட்டில் பழம் கொண்டுபோனோம், கேட்பதற்கு எதுவும் இல்லாமல். அன்னாசியும் இருந்தது.

டாக்டரம்மா சிரித்த அன்று, ஊருக்கு வந்த கையோடு என் கணவர் பழைய செருப்புக் கடைக்குப் போனார். இவரைப் பார்த்ததும் கடைக்காரர் உள்ளே போய்விட்டாராம். கூப்பிட்டு விவரம் சொல்லி, அன்றைக்குச் சத்தம் போட்டதற்கு மன்னிப்பும் கேட்டு, பிள்ளையின் இப்போதைய காலுக்கு அதே கீச் கீச் செருப்பை வாங்கி வந்தார். "அந்தப் பெரிய அளவுல இது ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார், பெருமையாக.

முதலில் இடது கத்துவதும் கத்தாததுமாக இருந்தது. நான் எண்ணிப் பார்க்கத் தொடங்கி, தலைவலி வந்து, காதை வேறு பக்கம் வைத்துக்கொண்டேன். பிறகு வேலை மும்முரத்தில் மறந்தும் போனேன். ஒரு பிற்பகல் நான் பின்கட்டில் மாவரைத்துக்கொண்டிருந்தபோது முன்னால் டெஸ்ட் பெஞ்சின் இரைச்சல் சட்டென்று நின்றது. மின்சாரம் போய்விட்டதோ என்று பார்த்தால் என் கிரைண்டர் ஓடுகிறது. அதையும் நிறுத்தினேன்.

பட்டறை ஓரமாக, வாசலிலிருந்து நடைவரை, கீச் கீச் கீச் கீச். நடுவில் இடைவெளியே இல்லை. அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

என் கணவர் எண்ணெய்க் கையோடு நடையில் நின்றிருந்தார். "ஏம்புள்ள, கேக்குதா?"

"காது செவுடாகற மாதிரி கேக்குதுங்க" என்றேன். மாவுக் கையோடு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை மாதமாக உள்ளே அடைத்து வைத்திருந்த அழுகை, தடையில்லாமல் வந்தது.

பம்புக்காகக் காத்திருந்த ஒரு டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, மெசினை நிறுத்திப் போட்டீங்க? ரிப்பேருங்களா?"

"ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் என் கணவர், அவள் போகிற திசையைப் பார்த்தபடியே. "சித்த நேரம் இருங்க. இதைக் கேட்டுட்டு வாரேன்."